உளுந்து காய்ந்த ரோடு

காய்ந்த உளுந்துச் செடியின் மேல் பஸ் ஏறி இறங்கும்போது ஒரு சத்தம் வரும். சரசரவென்று ஆரம்பித்து, நெற்றுகள் வெடிக்க வெடிக்கப் படபடவென்று பெருத்து, பஸ் போன பிறகும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்ச நேரம் தெறித்துக்கொண்டே இருக்கும். கூடவே வெயிலில் இளகிய தாரின் வாடையும் உளுந்தம்பொட்டின் தூசும் மூக்கில் ஏறும். பங்குனி முடிந்து சித்திரை பிறக்கிற நாட்களில், நீடாமங்கலத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊர் இந்தச் சத்தத்தில்தான் கண் விழிக்கும். இன்றைக்கும் தஞ்சாவூரில் என் வீட்டு அடுப்பில் கடுகு பொரிந்தால் எனக்கு அந்த ரோடுதான் ஞாபகம் வருகிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சம்பா அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால், வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு அது தானாக முளைத்து, பனியைக் குடித்தே வளர்ந்து, பங்குனியில் காய் முற்றி நிற்கும். அதைப் பிடுங்கிக் களத்தில் போட்டு அடிப்போம் என்று நீங்கள் நினைத்தால் எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. வாசலிலேயே தார் ரோடு இருக்கும்போது களம் எதற்கு? செடியை முழங்கால் உயரத்துக்கு ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து உதிர்த்துவிடும். இதற்கு 'ரோட்டுக் களம்' என்று பேர். உன்னுடையது எது என்னுடையது எது என்று தெரிவதற்கு நடுவில் ஒரு கல்லை வைப்பார்கள், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொள்வது ஒவ்வொரு வருஷமும் நடக்கும். விழுந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்து, "பாத்து வரக்கூடாதா தம்பி" என்று அவரையே கேட்பார்கள். ஊரே சேர்ந்து செய்கிற தப்புக்கு எங்கள் ஊரில் வழக்கம் என்று பேர். அதைப் பற்றி யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

அலெக்ஸ் அண்ணன் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். அவருடைய அம்மா செலின் அத்தை வீட்டிலேயே துணி தைப்பார். அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். பாலிடெக்னிக் முடித்த மகனுக்கு அவர் வாங்கிக் கொடுத்த கறுப்பு மோட்டார் சைக்கிள் எங்கள் ஊருக்கு வந்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அதை ஒற்றைச் சக்கரத்தில் நிறுத்தி ஓட்டுவதற்கு வெளியில் 'வீலிங்' என்று பேர் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் ஊரில் அது வெறும் 'தூக்குறது'. சாயங்காலமானால் டீக்கடை வாசலில் ஒரு கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். செலின் அத்தை மட்டும் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்குகிறவரை காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஒருநாள் இல்ல ஒருநாள் என்னக் கொல்லப்போறான் பாரு" என்று என் அம்மாவிடம் சொல்வார். ஊரில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

மற்றவர்களுக்கு அலெக்ஸ் அண்ணன் செல்லப்பிள்ளை. அதற்குக் காரணம் உளுந்து. மதியத்தில் பஸ் வராது, லாரியும் குறைவு, வெயிலோ கொளுத்தும், செடி அப்பளமாகக் காய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டு, "அலெக்ஸு, நம்மளது மேல ரெண்டு சுத்து போயிட்டு வந்துருப்பா" என்பார்கள். அவரும் சலிக்காமல் போவார். கால் இரண்டையும் தரையில் தேய்த்துக்கொண்டு, மாடு மாதிரி நிதானமாகப் போய்விட்டு வருவார். உளுந்து மேல் அவர் ஒருநாளும் வண்டியைத் தூக்கியதில்லை. எங்கள் உளுந்துக்கும் அப்பா அவரைக் கூப்பிட்டிருக்கிறார். அன்று காலையிலும் கூப்பிட்டிருந்தார்.

அன்று ஈஸ்டருக்கு மறுநாள். புதுச்சட்டை கலையாமல் அலெக்ஸ் அண்ணன் எங்கள் உளுந்தின் மேல் சுற்று போய் முடித்துவிட்டு டீக்கடைப் பக்கம் திரும்பினார். கூடப் படித்த பையன் ஒருவன் வெளியூரிலிருந்து வந்திருந்தான். அவனிடம் தன் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார். ரோட்டின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை அன்று உளுந்துதான். வெறும் ரோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால்தான் உண்டு. அவர் அங்கே போகத்தான் வண்டியைத் திருப்பினார். அப்போது உரக்கடை மாமா குரல் கொடுத்தார். அவருக்குப் பேர் இருந்தாலும் ஊருக்கே அவர் உரக்கடை மாமாதான். மைக் இல்லாமலே திருவிழாவில் அறிவிப்புச் செய்யக்கூடிய தொண்டை அவருக்கு.

"எங்கடா ஓடுற, இங்கனயே தூக்கு. நாங்க பாக்க வேணாமா?"

"வேணாம் மாமா, வழுக்கும்" என்றார் அலெக்ஸ் அண்ணன்.

"இத்தன நாளு வழுக்காததா இன்னைக்கி வழுக்கிரும்? தூக்குடா, தூக்கு."

டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். தூக்கு, தூக்கு என்று கைதட்டிக்கொண்டு, ஏதோ சப்பரத்தைக் கிளப்புகிற மாதிரி. என் அப்பா அப்போது கொல்லையில் சாக்கு எடுக்கப் போயிருந்தார். நான் எங்கள் செடியைக் கம்பால் புரட்டிக்கொண்டு நின்றிருந்தேன். முன்சக்கரம் மேலே எழுந்தது. பின்சக்கரத்துக்கு அடியில் உளுந்து உருண்டது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். நெற்று வெடிக்கிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அப்பாவிடம் அப்போது ஒரு சின்ன லோடு வண்டி, 'குட்டியானை' என்போமே, அது இருந்தது. ஓடிவந்தவர் யாரையும் எதையும் கேட்காமல் அலெக்ஸ் அண்ணனைத் தூக்கி அதில் போட்டார். செலின் அத்தை செருப்பில்லாமல் ஓடிவந்து ஏறிக்கொண்டார். என் அம்மாவும் வீடியோ எடுத்த அந்தப் பையனும் ஏறினார்கள். வண்டி கண்ணுக்கு மறைந்தது. பிறகு யாரோ ஒருவர் விளக்குமாற்றை எடுத்தார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒருவர் எடுத்ததும் எல்லோரும் எடுத்தார்கள். செடியைச் சுருட்டிக் கட்டினார்கள், உளுந்தை அள்ளிச் சாக்கில் போட்டார்கள், நடுவில் இருந்த கற்களைக்கூட எடுத்து வாய்க்காலில் போட்டார்கள். அறுப்புக் காலத்தில்கூட எங்கள் ஊர் அவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. "நீ எதுக்குப் பாப்பா வெயில்ல நிக்கிற, உள்ள போ" என்று ஒரு அக்கா என் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார். போலீஸ் ஜீப் வந்தபோது அந்த நீளமான கறுப்பு ரோட்டில் ஒரே ஒரு வீட்டு உளுந்துதான் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வீட்டு உளுந்து.

பொழுது சாய்கிறபோது அப்பா திரும்பி வந்தார். சட்டையில் காய்ந்திருந்த ரத்தத்தையும் அவர் முகத்தையும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அலெக்ஸ் அண்ணன் இல்லை என்று. ஜீப் பக்கத்தில் நின்ற அதிகாரி, "இது யாரோட உளுந்து?" என்று கேட்டார். கூட்டத்தில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா ரோட்டின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்திருக்க வேண்டும். ஆனாலும், "என்னுதுதாங்க" என்றார். கூப்பிடும்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாளே ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. காலையில் டீக்கடையில் "திமிரு புடிச்ச பய, ஆட்டம் போட்டா இப்புடித்தான்" என்றார்கள். மதியம் பெட்டி வந்து இறங்கியதும் அதே வாய்கள் "தங்கமான புள்ள" என்றன. சாயங்காலம் பாலத்தருகே ஆளுயரத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறியது. கறுப்புக் கண்ணாடி போட்டு வண்டியில் சாய்ந்து நிற்கிற படம், மேகம், புறா, கீழே ஊர் ஆட்களின் சின்னச் சின்னப் படங்கள். முதல் படம் உரக்கடை மாமாவுடையது. பேனரைக் கட்டிவிட்டு இறங்கியவர், "ரோட்டுல உளுந்தப் போட்டு ஒரு உசுர எடுத்துட்டானுவளே" என்று எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துச் சொன்னார். அவருடைய உளுந்து அவர் கடைக்குள் சாக்கில் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அப்பாவுக்கு ஆத்திரம்கூட வரவில்லை. அவர் அதை நம்பிவிட்டார். காலையில் நான்தானே அவனைக் கூப்பிட்டேன், கூப்பிடாமல் இருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டானே என்று சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். ஸ்டேஷனுக்குப் போன நாட்களில் அம்மா அடுப்பு மூட்டாமல் வாசலையே பார்த்திருப்பாள். வழக்குப் போடுவார்கள், உள்ளே வைப்பார்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் ஆறுதல் மாதிரியே சொல்லிவிட்டுப் போனார்கள். செலின் அத்தை ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்கள். அத்தையோ வீட்டுக் கதவைத் திறக்கவே இல்லை. தையல் மிஷின் சத்தம் கேட்கவில்லை. நாலு வீடு தள்ளி இருந்த அந்த மௌனத்துக்கு நான் பயந்த மாதிரி வேறு எதற்கும் பயந்ததில்லை.

முப்பதாம் நாள் பூசை வந்தது. கோயிலில் பூசை முடிந்து, அத்தை வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஊருக்கே சாப்பாடு. அம்மா எவ்வளவோ தடுத்தும் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். பந்தலுக்கு வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உள்ளே முதல் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்த உரக்கடை மாமா, "என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து நிக்கிறான் பாரு" என்றார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. எல்லோருக்கும் கேட்டது. செலின் அத்தைக்கும் கேட்டது.

அத்தை உள்ளே போய் ஒரு போனை எடுத்து வந்தார். ஓரத்தில் கண்ணாடி உடைந்த, அலெக்ஸ் அண்ணனின் போன். பந்திக்கு நடுவில் நின்று அதை அழுத்தினார். 'வேணாம் மாமா, வழுக்கும்' என்று அலெக்ஸ் அண்ணனின் குரல் வந்தது. செத்துப்போனவரின் குரல் அப்படிச் சிரித்துக்கொண்டே வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்து, 'தூக்குடா, தூக்கு'. பிறகு எல்லோரும். அத்தை மறுபடியும் போட்டார். மறுபடியும். சோற்றில் கை வைத்தவர்கள் கையை எடுக்கவும் முடியாமல் வாயில் வைக்கவும் முடியாமல் இருந்தார்கள்.

"இதுல யாரு யாரு குரல் இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார் அத்தை. "நாள் முழுக்க இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொருத்தர் குரலும் தனித்தனியாத் தெரியுது." பிறகு வேலிப்பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தார். "உங்க குரல் இதுல இல்லண்ணே. எம்புள்ளைய மடியில வச்சிக்கிட்டுப் போனப்ப வண்டிய ஓட்டுனவரு நீங்க. உள்ள வாங்க, சாப்பிடுங்க."

அப்பா அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அத்தை ஸ்டேஷனிலும் போய், யார் மேலும் புகார் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அப்பா தப்பித்தார். ஆனால் ஊர் திருந்தியது என்று நான் எழுதினால் அது பச்சைப் பொய். கை கழுவிவிட்டு வெளியே வந்ததும் உரக்கடை மாமா, "பாவம், அந்தப் பொம்பளைக்கிப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றார். கூட வந்தவர்கள் ஆமாம் என்றார்கள். படம் எடுத்த பையன் தன் போனுக்கும் அதை அனுப்பி வைத்திருந்தான் போல; அவனிடமிருந்து அதே வீடியோ எப்படியோ எல்லோருடைய போனுக்கும் போனது. போன இடத்திலெல்லாம் அது மாறியது. பேச்சையெல்லாம் அமுக்கிவிட்டு மேலே ஒரு சோகப் பாட்டைப் போட்டார்கள். சக்கரம் எழும்புகிற இடத்தில் மெதுவாக ஓடவிட்டார்கள். இப்போதும் ஒவ்வொரு ஈஸ்டர் முடிந்த மறுநாளும் 'வீரவணக்கம்' என்ற எழுத்தோடு அது என் போனுக்கு வந்துவிடுகிறது. அதில் யாருடைய குரலும் இல்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். இப்போது உளுந்தையும் மிஷின்தான் அடிக்கிறது, ரோட்டில் ஒரு செடி கிடையாது. ரோடு அகலமாகி, பாலத்தருகே இருந்த புளியமரம் போய்விட்டது. பேனர் ரொம்ப நாள் உரக்கடை வாசலில் மூட்டைகளுக்கு மழை மறைப்பாகக் கிடந்தது, பிறகு அதுவும் கிழிந்துபோனது. என் அப்பா இல்லை. அவர் அந்த வருஷத்துக்குப் பிறகு சாகிறவரை உளுந்தே தெளிக்கவில்லை. அந்த நெற்றுச் சத்தத்தை இந்த ஊரில் இனி எந்தப் பிள்ளையும் கேட்கப்போவதில்லை.

ரவிக்கை தைக்கக் கொடுக்க செலின் அத்தை வீட்டுக்குப் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, மிஷின் மட்டும் அதேதான். அளவு எடுத்து முடித்ததும், "இரு, அவன் நேரம் வந்துருச்சு" என்று சொல்லி, பழைய போனிலிருந்து ஏற்றிவைத்திருந்ததைப் புதுப் போனில் போட்டார். சாயங்காலமானால் தினமும் கேட்பாராம். 'வேணாம் மாமா, வழுக்கும்.' அத்தையின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. மகன் பேசுகிறான் அல்லவா. அந்த நேரத்தில் வெளியே ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பத்தொன்பது இருபது வயதுப் பையன், யார் வீட்டுப் பிள்ளையோ. டீக்கடை பெஞ்சில் உரக்கடை மாமா, தடி ஊன்றிக்கொண்டு, பல்லெல்லாம் போய் உட்கார்ந்திருந்தார்.

'தூக்குடா, தூக்கு' என்றது போன்.

அத்தை அதை அணைத்தார். குரல் நிற்கவில்லை, டீக்கடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.