கொட்டச் சொன்ன தங்கத் தண்ணீர்

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்; நான் சொல்லச் சொல்லப் பேத்தி இதை எழுதுகிறாள். மண்டபம் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. என் கையில் ஒரு குடுவைகூட உடைந்ததில்லை. புதிதாகக் கழுவ வரும் பெண்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அங்கே ஸ்டெல்லா என்ற பெண் தங்க உப்பைக் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக்குவாள். பார்க்கத் தேத்தண்ணி போல இருக்கும்; யுவி விளக்கில் சிவப்பாக ஒளிரும். அது புற்றுநோய்ச் செல்லில் மட்டும் ஒட்டிக் காட்டிக்கொடுக்குமா, அதிலேயே மருந்தையும் ஏற்றி அனுப்பலாமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவள் அம்மா மார்புக்கட்டியை வெளியே சொல்லாமலே இருந்து போய்ச் சேர்ந்தவர்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த அன்று மதுரையிலிருந்து ஐஸ் பெட்டியில் புற்றுநோய்ச் செல்களும் நல்ல செல்களும் வந்தன. மத்தியானம் தாண்டினால் செத்துவிடும். ஸ்டெல்லா தங்கக் குப்பியை விளக்கில் வைத்தாள். சிவப்பைக் காணோம். மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்தது.

பேராசிரியர் பார்த்தார். "கெட்டுப்போச்சும்மா. செல்லையும் வீணாக்காத. பாக்கியம், இதக் கொட்டிட்டுக் குப்பியக் கழுவு."

"சார், தங்க உப்பு தீந்துபோச்சு. இனி வர மாசக்கணக்காகும்."

நான் கழிவு கேனைத் திறந்தேன். எனக்கு எதிலும் அவசரம் கிடையாது.

"என்ன பாக்கியம், நல்ல நேரம் பாக்குறியா?"

"புள்ள மொகத்தப் பாக்குறேன் சார்."

"செத்த நேரம் இருங்க பாக்கியம்மா" என்றாள் ஸ்டெல்லா. தங்கக் குப்பி இருந்த அதே அலமாரியிலிருந்து காலிக் குப்பி ஒன்றை எடுத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி விளக்கில் வைத்தாள். அதுவும் மஞ்சள் பச்சை. குப்பியின் வெளிப்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"சார், பூசைக்கு இதுக்கெல்லாம் மஞ்ச பூசுனது யாரு?"

சார் தொண்டையைச் செருமினார். "நாந்தேன். ஒன் வேல நல்லபடியா முடியட்டும்னு பூசுனேன்."

பூசியதை ஆபீஸ்காரர்கள் ஈரத்துணியால் துடைத்ததில் கண்ணாடி முழுக்க மஞ்சள் படிந்திருந்தது. மஞ்சளும் அந்த விளக்கில் ஒளிருமாம். தங்கத்தின் சிவப்பை அது மூடிவிட்டது.

புதுக் குப்பியைக் கழுவிக் கொடுத்தேன். மாற்றி ஊற்றினாள். அடுப்புத் தணலாகச் சிவந்தது. வெயில் உச்சிக்கு வருமுன் அதைச் செல்களில் விட்டாள். பிறகு என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். நோய்ச் செல்கள் சிவப்பாக நின்றன. நல்ல செல்கள் இருட்டாகவே கிடந்தன.

"ஆளுக்குக் கொடுக்க இன்னும் எம்புட்டோ காலம் கெடக்கு. ஆனா ஒட்டிருச்சு பாக்கியம்மா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்று கெட்டுவிட்டதென்று யார் சொன்னாலும், பக்கத்தில் வெறும் தண்ணீரை வைத்துப் பார்க்காமல் கொட்டாதீர்கள். கேனுக்குள் போனது திரும்பாது.

தாயி, எழுதுனத வாசி. சார எங்கயும் கொறச்சுச் சொல்லிறலயே?