மேட்டம்மா

மாநகராட்சி சாலைப் பிரிவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் நிற்கும் பியூன்கூட கொஞ்சம் யோசிப்பார். மேட்டம்மா என்று கேட்டால் உடனே மாடியைக் கை காட்டுவார். பெயர் வைத்தவர்கள் கடைத்தெருக்காரர்கள். கிண்டலுக்கு வைத்ததை ஆபீஸ் பிடித்துக்கொண்டது. முதல் தடவை காதில் விழுந்தபோது அவளும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவைத்தாள். அன்றைக்கு முறைத்திருந்தால் பெயர் ஒட்டாமல் போயிருக்குமோ என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறாள்.

வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து அவள் பார்த்ததெல்லாம் பள்ளம்தான். மழை வந்தால் பள்ளம் விழும், ஆள் அனுப்பி அடைப்பாள், அடுத்த மழைக்கு அதே இடத்தில் வாயைப் பிளக்கும். பெரிய வேலையென்று அவள் கைக்கு வந்தது ஒன்றே ஒன்று. அது அண்ணன் கடை இருக்கிற தெரு.

அப்பா இறந்ததும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு டைல்ஸ் கடையில் உட்கார்ந்தவன் அண்ணன். தங்கையை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தான். அவள் கல்யாணம் வேண்டாம் என்றபோதும், "சரி, மாடி சும்மாத்தானே கிடக்கு, இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நன்றி அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

தெருவை அகலப்படுத்தியது அவள் ஆபீஸ்தான். இரண்டு பக்கமும் நடைபாதையைச் சுரண்டி எடுத்து, தார் போட்டு, வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். அதன்பிறகு அது தெருவாக இல்லை. ஒரு முனையில் சிக்னல் விழுந்தால் மறுமுனை வரை வண்டிகள் விட்ட அம்பு மாதிரி பறந்தன. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். ஜனங்கள் கையை நீட்டி, வண்டிக்காரனைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்துக்கொண்டே ஓடினார்கள். யாராவது அடிபட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை முளைத்தது.

"பலகையைப் பாத்து எவனும் வேகத்தைக் குறைக்க மாட்டான் சார், ரோட்டைப் பாத்துதான் குறைப்பான். வழி ஒடுங்கினா கால் தானா பிரேக்குக்குப் போகும்" என்று தலைமைப் பொறியாளரிடம் நச்சரித்தாள். நடைபாதையைத் திரும்ப அகலமாக்குவது, நேர்ரோட்டை இரண்டு இடத்தில் லேசாக வளைப்பது, பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரோட்டையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கி ஒரு மேடை கட்டுவது, இதுதான் அவள் திட்டம். மனுஷர்கள் இறங்காமல் சமமாக நடப்பார்கள். ஏறி இறங்க வேண்டியது வண்டிதான். தலைமைப் பொறியாளர் கடைசியில், "சோதனைக்குன்னு போட்டுப் பாரு. ஏதாவது ஆச்சுன்னா உன் தலைதான்" என்றார்.

வேலை முடிந்த வாரம் அவள் பஸ் நிறுத்தத்திலேயே நின்று பார்த்தாள். லாரிக்காரன் திட்டிக்கொண்டே வேகத்தைக் குறைத்தான். கைத்தடி ஊன்றிய ஒருவர் நடு மேடையில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிறகு மீதியைக் கடந்தார். அதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முட்டிவலிக்கார அண்ணிகூட மத்தியானச் சாப்பாட்டைத் தானே எடுத்துக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தாள். "மகாராணி மாதிரி நடந்து வர்றேன். வண்டியெல்லாம் நிக்குது" என்று சிரித்தாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. கடை வாசலில் லாரி நிறுத்தி டைல்ஸ் இறக்க முடியவில்லை. பின்சந்து வழியாகத் தள்ளுவண்டியில் கொண்டுவர வேண்டியிருந்தது. மேடையை மேடு என்று திட்டிய கடைக்காரர்கள்தான் அவளை மேட்டம்மா ஆக்கினார்கள். அவன் வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் வேறு. "ஊர்ல வேற தெருவே கிடைக்கலையா உனக்கு? எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க, உன் தங்கச்சிகிட்ட சொல்லக்கூடாதாய்யான்னு." அவள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடிகாரக் கடைக்காரர் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. மேட்டில் ஏறி இறங்கியதால் வண்டி தாமதம், மேட்டம்மாதான் ஆளைக் கொன்றுவிட்டாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. அன்றைக்கே அவள் கிளம்பினாள். ஆம்புலன்ஸ் டிரைவரைத் தேடிப்போய்க் கேட்டாள். அவர் வந்தது தெருவின் மறுமுனையிலிருந்து. அந்தப் பக்கம் வளைவும் கிடையாது, மேடை இருக்கும் பக்கமே வண்டி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பவே நேரமாகிவிட்டது, வேறு கேஸில் இருந்தோம் என்றார்.

ஓடிவந்து அண்ணனிடம் சொன்னாள்.

"தெரியும்" என்றான், கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தெரியுமா?"

"வண்டி வந்தப்போ நான் அங்கதானே நின்னேன். எந்தப் பக்கமா வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப எல்லார்கிட்டயும் சொல்லேன்."

"சொன்னா என்ன ஆகும்? மேடு அங்கேயே இருக்கும்" என்றான். பிறகு குரலைத் தணித்து, "உன்னைத் தப்பா யாரும் நினைக்க மாட்டாங்க. ஆபீஸ் சொன்னதைச் செஞ்சேன்னு சொல்லிடு. முடிஞ்சது" என்றான்.

சங்கத்துக்காரர்கள் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். கடிகாரக் கடைக்காரரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேட்டை எடுத்தே ஆக வேண்டும் என்று அண்ணன் எழுந்து பேசினான். குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, கடிகாரக் கடைக்காரர் அவனுக்கு நெடுநாள் சிநேகிதர். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் எழுந்து, "ஆம்புலன்ஸ் மறுமுனையிலிருந்துதான் வந்தது" என்றாள். "புருஷனைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்காங்களே, அவங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க பாப்போம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். 'என் அண்ணனுக்கே தெரியும், அவரைக் கேளுங்கள்' என்று சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பார்க்கிற அதே பார்வை. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மேடையை இடித்துத் தார் போட ஆபீஸ் முடிவெடுத்தது. அந்த வேலைக்கும் அவளையேதான் மேற்பார்வை போட்டார்கள். கல்லும் சிமெண்டும் பொடிப்பொடியாகப் பறந்தது. கடைக்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அந்த மரியாதை அவளைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

தார் காய்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அண்ணி சாப்பாட்டுக் கூடையோடு, பழகிய இடத்திலேயே, பழகிய நடையில் ரோட்டைக் கடந்தாள். வேன் நிற்கவில்லை.

உயிர் தப்பியது. இடுப்பில் கம்பி வைத்தார்கள். இடது கால் இனி பழையபடி வராது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் அண்ணியின் கட்டிலருகே அண்ணனைப் பார்த்ததும், 'நான் சொன்னேன்ல' என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதோடு கூடவே ஒரு சின்ன சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேன் ஓட்டினவனை உள்ள தள்ளாம விடமாட்டேன். குடிச்சிருப்பான்" என்றான் அண்ணன்.

"குடிக்கலையாம். போலீஸ்ல சொன்னாங்க."

"அப்ப கண்ணு தெரியாதவனா இருப்பான்."

படுக்கையிலிருந்து அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "அவனைத் திட்டாதீங்க. மேடு இருக்குன்னு நினைச்சுட்டே கால் வெச்சுட்டேன்." அண்ணன் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனவன், சாயங்காலம் வரை திரும்பவில்லை.

விபத்தில் மாட்டியது சங்கச் செயலாளரின் மனைவி என்பதால் ஆபீஸ் சுறுசுறுப்பானது. மேடையைத் திரும்பக் கட்டலாம் என்று அவள் கேட்டபோது தலைமைப் பொறியாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தப் பேச்சே வேண்டாம்மா. நடைமேம்பாலம் கட்டிடுவோம். வண்டியும் நிக்காது, ஜனமும் சாகாது, யாருக்கும் மனவருத்தம் இல்ல." வரைபடம் போடும் வேலை அவளுக்கே வந்தது. இத்தனை படி ஏறி யார் போவார்கள் என்று கேட்டாள். "போகாதவன் விதி" என்றார்.

வரைந்தாள். முடியாது என்று மேஜையில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகும் துணிச்சல் தனக்கு இல்லை என்பது அப்போது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துபோனது.

வரைபடம் முடிகிற சமயம் அண்ணன் மாடிக்கு வந்தான். கட்டில் ஓரமாக உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வருகிறான், கடைசியில் சொல்லியே விடப்போகிறான் என்று அவள் நினைத்தாள்.

"பாலத்தோட தூண் ஒண்ணு நம்ம கடைக்கு நேரா வருதாமே?"

அவள் வரைபடத்தைச் சுருட்டினாள்.

"கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா? போர்டு மறைஞ்சிடும்."

"முடியாது" என்றாள். அண்ணனிடம் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் கோபப்படவில்லை. நேரே தலைமைப் பொறியாளரைப் போய்ப் பார்த்தான். தூண் நகர்ந்து, கடிகாரக் கடை வாசலில் போய் நின்றது. கணவனுக்குப் பிறகு அந்தம்மாதான் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தார். கேட்கப் பேச ஆள் இல்லை.

பாலம் திறந்த மாதமே அவள் மாடியைக் காலி செய்துவிட்டு, ஊரின் மறுகோடியில் ஒற்றை அறை வீடு பார்த்துக்கொண்டு போனாள். சாக்கடைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே போனபின்பும் மேட்டம்மாதான். அண்ணனோடு சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சு மட்டும் தானாகக் குறைந்துபோனது.

அண்ணி மட்டும் அடிக்கடி போன் செய்வாள். ஒருநாள், "உங்க அண்ணன் கடைக்கு வர்றவங்களை எல்லாம் வெளிய கூட்டிட்டுப் போய் காட்டுறாராம், என் தங்கச்சி கட்டின பாலம்னு. பெருமை தாங்கல" என்றாள்.

"யாராவது ஏறுறாங்களா அண்ணி?"

"யாரு ஏறுறா? எல்லாம் கீழதான் ஓடுதுங்க. மேல காதல் ஜோடிங்க நிக்குதாம்" என்று சொல்லிச் சிரித்த அண்ணி, சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் கடைப்பக்கம் போயே ரொம்ப நாளாச்சு. சாப்பாட்டைக் கடை ஆள் வந்து எடுத்துட்டுப் போறான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மேட்டம்மா சொன்னாள். போகவில்லை.