அமெரிக்கக் காரும் அரியலூர் ரயிலும்

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே கார் வந்துவிட்டது. அதுவும் அமெரிக்கக் கார். பெரம்பலூரில் அப்பா டிரைவராக இருந்த டாக்டர் வீட்டு வண்டி அது. எழுபதுகளின் கடைசியில் டாக்டர் குடும்பம் மெட்ராசுக்குக் குடிபோனபோது, நினைத்த இடத்தில் நின்றுவிடும் அந்தப் பழைய வண்டியை யாரும் சீண்டவில்லை. அப்பா அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்து எங்கள் கூரை வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார். வீட்டைவிட வண்டி நீளமாக இருந்தது.

அடுத்தவர் காட்டில் களை வெட்டிப் பிழைக்கும் தெரு எங்களுடையது. அம்மாவும் வெங்காயக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் கார் நிற்பதை ஊர் முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தது. எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் ரயில் கிடையாது. மெட்ராஸ் போகிறவர்கள் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அந்தச் சவாரியை நம்பித்தான் அப்பா டாக்சி ஓட்டக் கிளம்பினார்.

வண்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ராஜாவாட்டம் போகும். பிறகு இருமும், குலுங்கும், நின்றுவிடும். அரை மணி நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். அப்பா பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். காயிலை மாற்றினார். சூடுதான் காரணம் என்று யாரோ சொன்னதால் பெட்ரோல் குழாயில் ஈரத்துணி சுற்றினார். ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடுமாம். எதை மாற்றியும் குணமாகவில்லை. பெரம்பலூர் மெக்கானிக், எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் வைக்கச் சொன்னார். நல்ல எஞ்சினைக் கழற்ற மாட்டேன் என்றார் அப்பா. நல்ல எஞ்சின் ஏன் நிற்கிறது என்று கேட்டால் மறுபடி பிளக்கைக் கழற்றுவார்.

இந்த நிலையில்தான் எங்கள் ஊர் ரைஸ்மில்காரர் மெட்ராஸ் போக வண்டி கேட்டார். பாதி வழியில் வண்டி நின்றது. ரயில் போய்விட்டது. அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். வெள்ளை வேட்டியெல்லாம் புழுதி. அப்பா வந்து சேரும் வரை பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தார். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்த நானும் அங்கே நின்றேன்.

"மம்பட்டி புடிக்கிற கையில ஸ்டீரிங்கக் குடுத்தா இப்படித்தான்டா. இத காயலான் கடையில போட்டுட்டு, நாளைக்கே மில்லுக்கு மூட்டை தூக்க வந்துடு" என்றார், ஊர் முழுக்கக் கேட்கும்படி.

அப்பா காரை விட்டு இறங்கி நேராக நின்றார். "வர்ற வெள்ளிக்கிழமை இதே ரயிலுக்கு உங்கள ஏத்தி வுடுறேன் சார். காலையில ஒம்போது மணிக்கு உங்க வூட்டு வாசல்ல வண்டி நிக்கும்."

ரயில் போனதைவிட அந்த 'சார்'தான் அவரை அதிகம் சுட்டது போலிருந்தது. எங்கள் ஆட்கள் அவரை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று எங்கள் தெருவே கூடி, ரைஸ்மில்காரரிடம் மன்னிப்புக் கேட்கும்படி அப்பாவுக்குச் சொன்னது. அம்மா ஒருத்திதான் வேறு மாதிரி பேசினாள். "யாரு கால்லயும் வுழ வேணாம். நாளைக்கு நான் களைக்குப் போவல. இதுக்கு என்னதான் நோவுன்னு நானும் வந்து பாக்குறேன்."

மறுநாள் மூன்று பேரும் அரியலூர் சாலையில் போனோம். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் எட்டாவது கிலோமீட்டரிலேயே வண்டி நின்றது. அப்பா பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் போராடினார். பிறகு எதற்கும் பார்ப்போம் என்று பின்பக்கம் வந்தார். பெட்ரோல் காட்டும் முள் செத்துப் பல வருடம் ஆகியிருந்ததால் குச்சி விட்டுத்தான் அளப்பார். மூடியைத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அளந்து மூடிவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருகினார். உடனே கிளம்பியது.

அடுத்த முறை நின்றபோது அம்மா அப்பாவைப் பானெட் பக்கம் போக விடவில்லை. "ஏங்க, எஞ்சின வுடுங்க. குச்சி வுட்டுப் பாருங்க."

"பெட்ரோல் நெறைய இருக்குடி."

"இருக்கட்டும். மூடியத் தொறங்க."

உஸ்ஸ். வண்டி கிளம்பியது.

அப்பா நம்பவில்லை. மூடியை இறுக்கி மறுபடி ஓட்டினார், நின்றது. திறந்தார்; ஓடியது. நான்காவது முறை நின்றபோது அப்பா சிரித்தார்; வண்டி நின்றதற்காகச் சிரித்த ஒரே டிரைவர் அவராகத்தான் இருப்பார். பழைய மூடி தொலைந்துபோய், யாரோ லேத்தில் கடைந்து கொடுத்த பித்தளை மூடி அது. காற்று போக ஒரு துளைகூட இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று புகாமல், பம்பு எவ்வளவு இழுத்தும் பெட்ரோல் வரவில்லை. அரை மணி நேரம் சும்மா விட்டால் மூடியின் இடுக்கு வழியே கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போயிருக்கிறது. பட்டறையில் மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை போட்டார்கள். அரியலூர் வரை நிற்காமல் போய், நிற்காமல் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். அம்மா கல்யாணப் புடவை கட்டி முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்சீட் முழுக்க எனக்கு. ஒன்பது மணிக்கு ரைஸ்மில்காரர் வீட்டு வாசலில் நின்றோம். அவர் பஸ்ஸிலேயே போய்விட்டதாக வேலையாள் வந்து சொன்னார்.

"அப்படிங்களா. ஒம்போது மணிக்கு வண்டி வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார் அப்பா.

அதன் பிறகு நேராக வீட்டுக்குத் திரும்புவோம் என்று நினைத்தேன். அப்பா வண்டியை அந்தத் தெருவின் கடைசி வரை முதல் கியரிலேயே ஓட்டினார். அங்கே திருப்பி, அதே தெருவில் அதே வேகத்தில் திரும்பி வந்தார். வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அம்மா தலையைக் குனியவே இல்லை.

அப்பாவின் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததும், அப்பாவே ஒவ்வொரு நாளும் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போனதும் அந்தத் தெருவில்தான் என்பது, நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று, வண்டியில் இன்னும் ஏதோ கோளாறு பாக்கி இருப்பதால்தான் அப்பா இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறார் என்று நினைத்து, "வேகமாப் போங்கப்பா, நின்னுடப் போவுது" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தேன்.