ஒரே சிரிப்பில் இரண்டு ஃபிளெக்ஸ்

அரியலூர் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: சூசைராஜ் சார் போய்விட்டார். தலையைத் தூக்கினேன். எதிரே ஃபிளெக்ஸில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார். ‘ரோபோ அறுவை சிகிச்சை. மறுநாளே நடந்தார்!’ மருத்துவமனையின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் அவர்களுக்கு ஓசி விளம்பரம்.

சாரோடு பணியாற்றியவர்களுக்கும், அவரிடம் இயற்பியல் படித்துத் தப்பித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆசிரியர் அறையில் நான் வம்பு பேசுவேன், அவர் “ஆதாரம் என்னய்யா?” என்பார். என் நகைச்சுவைக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருமுறை, “எங்க சிரிக்கணும்னு ஓரத்துல குறிச்சிருந்தா நல்லாருக்கும்” என்றார். அறையே சிரித்தது. என் கட்டுரைக்கு யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

அவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. ரோபோவிடம் பயமில்லை. வரதராசன்பேட்டையிலிருக்கும் அவருடைய அண்ணன் திருச்சியில் அப்படித்தான் புராஸ்டேட் அறுவை செய்துகொண்டார். சின்னச் சின்னத் துளைகள், அதிகம் ரத்தம் போகவில்லை, சீக்கிரமே மொபெட்டில் முந்திரிக்காட்டைச் சுற்றக் கிளம்பிவிட்டார்.

“ரோபோவே அறுத்துடுமா சார்?” என்று கேட்டேன்.

“அது தானா கத்தி எடுக்காதுய்யா. டாக்டர் அங்க உக்காந்து கைப்பிடிய அசைச்சா இங்க அது அசையும். வண்டி புதுசுன்னு ஏறிடுவியா? டிரைவர் யாருன்னு கேக்க மாட்ட?”

கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். “இந்த மிஷின்ல நீங்க எத்தன பேருக்குப் பண்ணியிருக்கீங்க டாக்டர்?”

“சார் வாத்தியாரா? அதான் பரீட்சை வைக்கிறீங்க” என்று சிரித்தார் மருத்துவர். கட்டி காத்திருக்காது என்றார்கள். சார் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் நடக்கவைத்துப் படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வயிறு உப்பியது. போனில் கேட்டால், “கேஸ்தான், சீரகத் தண்ணி குடுங்க.” காய்ச்சலோடு திரும்பத் தூக்கிப் போனபோதுதான் தெரிந்தது: கேமராவின் பார்வைக்கு வெளியே ஒரு கருவி குடலைக் கீறியிருக்கிறது; யாரும் கவனிக்கவில்லை. எந்த அறுவையிலும் இப்படி நேரலாம், எனக்கும் தெரியும். அதைச் சீரகத் தண்ணீர் ஊற்றி மூடப் பார்த்ததைத்தான் மன்னிக்க மாட்டேன்.

கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸையும் மருத்துவமனை விளம்பரத்தை அச்சடித்த அதே கடையில்தான் கொடுத்தோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் கிடந்த அதே சிரித்த படத்தைப் போட்டுவிட்டார். பதறி மாற்றச் சொன்னேன். சாரின் மனைவி ஸ்டெல்லா டீச்சர் தடுத்தார்: “அதே இருக்கட்டும் தம்பி.” வழக்கமாக எங்கள் பெயர்கள் வரிசையாக வரும் இடத்தில் டாக்டரிடம் சார் கேட்ட அந்த ‘எத்தன பேருக்கு’ கேள்வியை அச்சடித்தோம். விளம்பரத்துக்கு நேர் கீழே நானே கட்டினேன். துக்க வீட்டுக்காரன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருக்கக் கூடாதுதான்.

மருத்துவமனை மேலாளர் டீச்சர் வீட்டுக்கே வந்தார். “பாக்குறவங்க பயப்படுறாங்கம்மா. எடுத்துருங்க.”

“மேல இருக்கறத நீங்க எடுங்க. கீழ இருக்கறதுக்குப் பதில் சொல்லிட்டு அப்பறம் வாங்க” என்றார் டீச்சர்.

மேலே இருந்தது மறுநாளே காணோம்.

சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். போன வாரம் தா.பழூரில் அந்த மருத்துவமனையின் இலவச முகாம். முதல் வரிசையில் உட்கார்ந்து அதே மருத்துவரிடம் கேட்டேன்.

“நீங்க பேஷண்டா சார்?” என்றார்.

“இல்லீங்க.”

பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தார். “நான் பேஷண்டுதாங்க. எனக்குச் சொல்லுங்க.”

மருத்துவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.