பினாயில் அக்காவும் உயிருள்ள பொடியும்

கல்யாணமாகி இந்த வீட்டு வாசலில் நான் காலை வைத்ததும் என் ஓரகத்தி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "கை கழுவிட்டு வா." சிரிப்பு கிடையாது, வாம்மா என்ற ஒரு சொல் கிடையாது. மணப்பெண் கோலத்தில் குழாயடியில் நின்று கழுவினேன். அன்றிலிருந்து கழுவிக்கொண்டேதான் இருக்கிறேன்.

என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பன்றிப் பண்ணை நடத்துகிறார்கள். அண்ணனின் மனைவிதான் இந்த ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். வெளியே அவளுக்குப் பெயர் பினாயில். தீவன மூட்டை இறக்க வருகிறவர்கூட, "பினாயில் அம்மா இருக்காங்களா? செருப்ப எங்க விடணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவள் ஜவுளிக்கடை வீட்டுப் பெண். கல்யாணமான புதிதில் பஸ்ஸில் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி இவள் எந்த வீட்டு மருமகள் என்று விசாரித்திருக்கிறாள். தெரிந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய்ப் பின்னால் நின்றுகொண்டாளாம். "அன்னைக்கு நான் பண்ணைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலடி. பன்னிய கிட்ட வெச்சுப் பார்த்ததே இல்ல. என்கிட்ட என்ன நாத்தம் வந்திருக்கும்?" என்று இன்றைக்கும் கேட்பாள். அந்தக் காலி இருக்கையை அவள் மறக்கவே இல்லை. மறுநாளே துடைப்பத்தை எடுத்தவள்தான். எங்கள் கொட்டகைத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். என் சமையலறைத் தரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, அதையும் அவளே சொல்லிக் காட்டுவாள்.

தாய்ப் பன்றிகள் ஆண்கள் பொறுப்பு. பால் மறந்த குட்டிகள் வந்து சேரும் அறை அக்காவுடையது. குட்டி அறை என்போம். ஒரு பன்றிக்குட்டியின் வாழ்க்கையில் அதுதான் கண்டம். அம்மா இல்லை, பால் இல்லை, புதுத் தீவனம், புது இடம். வயிறு கலங்கிப்போய் இருக்கும் அந்த நேரம் பார்த்துக் கெட்ட கிருமி குடலில் குடியேறும். தண்ணீராகக் கழியும். சாயங்காலம் ஓடி விளையாடிய குட்டி, விடிந்தால் கண் உள்ளே போய்த் தோல் சுருங்கிக் கிடக்கும். முன்பெல்லாம் தீவனத்திலேயே மருந்தைக் கலந்துவிடுவோம், அடங்கிவிடும். போன வருஷத்திலிருந்து எந்த மருந்தும் கேட்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு ஈத்துக் குட்டிகள் போயின. ஒவ்வொன்றையும் அக்காதான் குழிக்குத் தூக்கிக்கொண்டு போனாள், துவைத்துக் காயவைத்த சாக்கில் சுற்றி.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். "மருந்துக்கு இந்தக் கிருமி பழகிடுச்சும்மா. இன்னும் ஏத்திக் கொடுத்தா இன்னும் பழகும்" என்றார். பிறகு இரண்டு பாக்கெட்டுகளை மேஜைமேல் வைத்தார். ஒன்றில் உயிருள்ள நல்ல கிருமி, பொடியாக. "தயிர்ல இருக்கற கிருமிக்குச் சொந்தக்காரங்கதான் இவங்க. குடல்ல முதல்ல போய் இடம் பிடிச்சிட்டா, கெட்டதுக்கு உட்கார இடம் கிடைக்காது." இன்னொன்றில் ஏதோ கிழங்கிலிருந்து எடுத்த நார். அது குட்டிக்குச் செரிக்காதாம். கீழ்க்குடல் வரை அப்படியே போய் அந்த நல்ல கிருமிக்குச் சாப்பாடாகுமாம்.

"பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கற மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. டாக்டரம்மா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"கிருமிக்குச் சோறு போட்டு வளர்க்கணுமா? நானா?" என்றாள்.

"ஆமாம்மா. தண்ணி நல்ல தண்ணிதானே?"

அக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "எங்க கொட்டகைத் தண்ணிய நீங்களே குடிக்கலாம்" என்றாள். டாக்டரம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

பிடிக்காவிட்டாலும் அக்கா ஒன்றைக் கையில் எடுத்தால் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். வேளை தவறாமல் பொடியைக் கரைத்தாள், நாரைத் தீவனத்தில் பிசிறினாள். அப்படியும் அடுத்த ஈத்துக் குட்டிகள் கழிய ஆரம்பித்தன. அவள் இன்னும் தேய்த்தாள், இன்னும் கழுவினாள். தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடரை இன்னொரு கை கூட்டிப் போட்டாள். குட்டிகள் இன்னும் கழிந்தன. கடைசியில் துவைத்த சாக்குகள் தீர்ந்துபோய் என் பழைய போர்வையைக் கிழிக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்குப் பெரியவர், அதாவது அக்காவின் கணவர், சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவைத்தார். "போதும். தாய்ப் பன்னிங்கள வியாபாரிக்கு ஏத்திவிட்டுடறேன். கொட்டகைய மூடிடலாம். குழி தோண்டித் தோண்டி எனக்கு வெறுத்துப்போச்சு." கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"இத்தனை வருஷம் நான் தேய்ச்சதெல்லாம் குழியில போடறதுக்கா?" என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "காதறுந்தவ குட்டி போட்டிருக்கா. அதுங்க பால் மறந்து ஒரு வாரம் போகட்டும். அதுவரைக்கும் பொறுங்க."

காதறுந்தவள் எங்களிடம் இருப்பதிலேயே வயதான தாய்ப் பன்றி. பெரியவர் தள்ளிவைத்த தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். பிறகு, "அந்த வாரம் முடியற காலையில வண்டி வரும். குட்டிங்க தேறியிருந்தா திருப்பி அனுப்பறேன். இல்லன்னா நீ குறுக்க நிக்கக்கூடாது" என்றார். அக்கா தலையாட்டினாள்.

கை கழுவக்கூட மறந்து என் சமையலறைக்கு வந்தாள் என்று எழுத ஆசைதான். கழுவிவிட்டுத்தான் வந்தாள். "அந்தப் பொடி செத்த பொடின்னு நினைக்கறேன். நம்ம தலையில கட்டிட்டாங்க. தயிருக்குச் சொந்தம்னு சொன்னாங்கல்ல? அப்போ பால உறைய வைக்கட்டும் பார்க்கலாம்" என்றாள். காய்ச்சி ஆறவைத்த பாலில் ஒரு சிட்டிகை போட்டு மூடினாள். கொட்டகையில் குட்டிகளுக்குக் கரைத்த தண்ணீர் வாளியில் மிச்சமிருந்தது. அதிலும் ஒரு கரண்டி எடுத்து நான் இன்னொரு டம்ளர் பாலில் ஊற்றி வைத்தேன். காரணமெல்லாம் கிடையாது, அவள் செய்தால் நானும் ஒன்று செய்யவேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் அவளுடைய டம்ளரில் பால் கெட்டியாக உறைந்து புளித்திருந்தது. பொடிக்கு உயிர் இருந்தது. என்னுடையது பாலாகவே இருந்தது.

இரண்டு டம்ளர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அதே பொடி, அதே பால். நடுவில் வந்தது கொட்டகைத் தண்ணீர் மட்டும்தான். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான்டி அந்த நல்ல கிருமிய பிளீச்சிங் போட்டுக் கொன்னிருக்கேன். குட்டிங்க வயித்துக்குப் போகறதுக்கு முன்னாடியே, வாளியிலயே கொன்னிருக்கேன்" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கேலி செய்ய எதுவும் வாயில் வரவில்லை.

வேறு யாராயிருந்தாலும் இதை மூடி மறைத்திருப்பார்கள். அவள் அப்போதே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, டம்ளர் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். "தண்ணியில என்ன போடறீங்கன்னு நான் கேட்டிருக்கணும்மா" என்றார் டாக்டரம்மா. காலி அறையைக் கழுவ என்ன வேண்டுமானாலும் போடலாம், ஆனால் நன்றாக அலசிக் காயவிட வேண்டும். பொடி கரைக்கிற தண்ணீரிலும் குடிக்கிற தண்ணீரிலும் எதுவும் கூடாது. அம்மாவிடம் பால் குடிக்கும்போதே பொடியைத் தொடங்கிவிட வேண்டும். இது மந்திரம் இல்லை, விழுந்த குட்டியை எழுப்பாது, விழாமல் இருக்கத்தான் உதவும். அக்கா எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போனை வைத்தாள்.

பவுடர் போடாத தொட்டியில் பாசி பிடிக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியுமா? தினமும் காலையில் தொட்டியைக் காலி செய்து, உள்ளே இறங்கி, வெறும் தேங்காய் நாரால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. "பவுடர் இல்லன்னா என்ன, கை இருக்குல்ல" என்றாள். கிணற்றுத் தண்ணீரைத் தானே சுமந்து நிரப்பினாள். காதறுந்தவளின் குட்டிகள் பால் குடிக்கும்போதே ஒவ்வொன்றின் வாயிலும் பொடித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பிறகு அவற்றைப் பிரித்துக் குட்டி அறைக்குக் கொண்டுவந்தோம்.

வாரத்தின் நடுவில் ஒரு குட்டி, வாலில் வெள்ளைப் பட்டை உள்ளது, தண்ணீராகக் கழிந்தது. அக்கா அதைத் தனியாகப் பிரித்து வைத்து உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைப் புகட்டினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனால் எழுந்தவள் நேராகப் பிளீச்சிங் பவுடர் டிரம்மை நோக்கி நடந்தாள். அவள் கால் தானாக அங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் டிரம் மூடிமேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எழுந்திரு."

"மாட்டேன்."

"தொட்டியில ஒரு கை போடறேன். ஒரே ஒரு கை."

"அக்கா, என்னை இறக்கிட்டு எடுத்துக்கோங்க."

என் உடம்பைப் பற்றி இந்த வீட்டில் எல்லோரும் ஏதாவது சொல்லியிருக்கிறார்கள். அது யாருக்காவது உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு எனக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். "சுத்தமா வெச்சா யாரும் எழுந்து போகமாட்டாங்கன்னு நினைச்சேன்டி" என்றாள். அவள் தலையில் கை வைத்தேன். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைப் பட்டைக்கு அடுத்த வேளைத் தண்ணீர் கரைக்கப் போனாள். நான் மட்டும் அன்றைக்கு முழுக்க டிரம்மை விட்டு இறங்கவில்லை.

சொன்ன காலையில் வண்டி வந்துவிட்டது. வாசலில் டிரைவர் பின்கதவை இறக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் படியில் நின்றார், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் டீயை எடுத்து வைத்தேன், யாரும் தொடவில்லை.

அக்கா கொட்டகையிலிருந்து வேகமாக வந்தாள். வலது உள்ளங்கையை ஏந்தினாற்போல் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள். அதில் பன்றிக்குட்டியின் சாணி. துணி இல்லை, காகிதம் இல்லை, வெறுங்கை. "பாருங்க" என்று பெரியவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உருண்டையா இருக்கு. எல்லாத்துக்கும் இப்படித்தான். வெள்ளைப் பட்டை போட்டது இது."

பெரியவர் குனிந்து பார்த்தார். இரண்டு விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். பன்றிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது. பிறகு கொட்டகைக்குள் போய் நெடுநேரம் நின்றார். உள்ளே குட்டிகள் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு தீவனத்துக்குக் கத்துவது வாசல்வரை கேட்டது. திரும்பி வந்தவர் டிரைவரிடம், "கதவைத் தூக்கிப் போட்டுடுப்பா. டீ குடிச்சிட்டுப் போ" என்றார்.

அக்கா தொப்பென்று படியில் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவள் முகம். அப்படியே டீ டம்ளரை எடுக்கக் கையை நீட்டினாள், அதே கை. எத்தனை வருஷமாக நான் காத்திருந்த நேரம் அது. டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"கை கழுவிட்டு வாங்க அக்கா" என்றேன்.

உள்ளங்கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து குழாயடிக்குப் போனாள்.