மெதுவாக ஓடச் சொன்னவர்

எங்கள் கட்டடத்து மேல்மாடிக்காரர் என்னை மெதுவாக ஓடச் சொன்னது தைப்பொங்கலுக்கு அடுத்த திங்கட்கிழமை. நாளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஏன் சொன்னார் என்பதில்தான் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் பழைய மாணவர் சங்கம் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை ஓர் ஓட்டம் வைத்தது. பரிசு கிடையாது. நிற்காமல் வந்து சேர்ந்தால் போதும். நான் துறைமுகப் பக்கம் இளைஞர்களை முந்தி ஓடி, காலிமுகத்திடலில் மூச்சு முட்டி, ஓட்டோவில் ஏறிவிட்டேன். முடிவுக்கோட்டைக் கடந்துதான் என் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே நின்றவர்கள் ஓட்டோவுக்குக் கைதட்டினார்கள். இந்த முறை என் காலால் அந்தக் கோட்டைத் தாண்டாவிட்டால் சங்கத்துப் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

மேல்மாடிக்காரர் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் பாடசாலைதான், எனக்கு மேல்வகுப்பு. கடலோரத்து மரைன் டிரைவில் நான் மூச்சிரைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

"ஐசே, உங்களை ஆர் துரத்துறது? கதைச்சுக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில ஓடுங்கோ. அப்பதான் தூரம் போகலாம்."

"கதைக்க என்ன இருக்கு?"

"நான் கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ."

கேட்டார். முதல் வாரம் என் தொழிலைப் பற்றி. நான் புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்கறிஞர். இரண்டாம் வாரம் பேச்சு என் மகளிடம் வந்துவிட்டது. எங்கே படித்தாள், எங்கே வேலை, அம்மா வழியில் எந்த ஊர். ஒரு வெள்ளிக்கிழமை, தண்டவாளத்தில் ரயில் போய் முடியும்வரை பொறுத்திருந்து, "மகளின்ர நட்சத்திரம் என்ன?" என்றார்.

நான் சாட்சிகளை இப்படித்தான் தளர்த்துவேன். தொடர்பில்லாத கேள்விகளில் தொடங்கி, ஆள் அசந்திருக்கும் நேரத்தில் வேண்டியதைக் கேட்பது. அவருக்கு மெல்பேர்னில் ஒரு மகன் இருப்பது கட்டடம் முழுக்கத் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்கிறவர்கள் நேரே வந்து கேட்பதில்லை. கோயிலில், மருந்துக்கடையில், மாடிப்படியில் துண்டு துண்டாகச் சேர்ப்பார்கள். ஓடவிட்டுச் சேர்ப்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

மனைவியிடம் சொன்னேன்.

"கேக்கட்டுமே. நல்ல பொடியன்தானே?" என்றாள்.

"பிள்ளைக்கே தெரியாம நான் ஏன் ரோட்டில வச்சுச் சாதகம் சொல்லோணும்?"

"அப்ப வேகமா ஓடுங்கோ. கதைக்கத் தேவையில்லை."

அதைத்தான் செய்தேன். திங்கட்கிழமை அவருக்கு முன்பே இறங்கி, பழைய வேகத்தில் ஓடினேன். பம்பலப்பிட்டியைத் தாண்டவில்லை. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் ஆடி அசைந்து வந்து கடந்து போனார். வியர்வைகூட அதிகம் இல்லை. அடுத்த நாளிலிருந்து மறுபடி அவரோடு ஓடினேன். மகளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் என் வழக்குகளைப் பதிலாகச் சொன்னேன். காணி வழக்குகள் நீளமானவை. சேலையும் கன்வஸ் சப்பாத்துமாக நடந்துபோகும் ஓர் அம்மா எங்களை முந்தும்போது கேட்டார்: "தம்பிமார், ஓடுறியளோ நிக்கிறியளோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மாசி முடிவதற்குள், ஒரு காணித் தகராற்றை அதன் மேன்முறையீடு வரை சொல்லிக்கொண்டே பம்பலப்பிட்டிக்கும் அப்பால் கொள்ளுப்பிட்டி போய்த் திரும்ப முடிந்தது. அதனால் சந்தேகம் குறையவில்லை. பயனுள்ள பொறியும் பொறிதான்.

ஓட்டம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொட்டாஞ்சேனையில் தொடங்கியவுடன் மேல்மாடிக்காரரின் வகுப்புத் தோழர் ஒருவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்னால் பாய்ந்தார். இவரும் பின்னாலேயே பாய்ந்தார். எனக்குச் சொன்ன வேகம் அவருக்கு மட்டும் இல்லையோ என்று நினைத்துக்கொண்டேன். நான் என் வேகத்திலேயே போனேன். பிள்ளைகள்கூட முந்தினார்கள். காலிமுகத்திடலைக் கடந்தேன். அங்கே நிறுத்தியிருந்த ஓட்டோக்களைப் பார்க்கவில்லை.

மரைன் டிரைவில் அவரைப் பிடித்தேன். முகம் சிவந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். விட்டுப்போக மனம் வரவில்லை. இப்படித் தளர்ந்த ஒரு சாட்சி கையில் கிடைப்பதும் அபூர்வம்.

"மகனுக்கு இன்னும் ஒண்டும் பாக்கேல்லையோ?" என்றேன்.

"முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"எழுத்து... போன கார்த்திகை... மெல்பேர்னிலயே."

பதிவுத் திருமணமே முடிந்துவிட்டது. நாங்கள் ஓடத் தொடங்குவதற்கும் முன்பே.

"அப்ப என்ர மகளின்ர நட்சத்திரம் உங்களுக்கு எதுக்கு?"

அவர் நாலைந்து அடி மூச்சைச் சேர்த்தார். "எங்கட சனத்திட்ட... பிள்ளையின்ர சாதகத்தைக் கேட்டா... நீளமாக் கதைப்பினம். மூச்சு... விளங்கும். நீங்கள்தான்... காணி வழக்குச் சொன்னியள்."

நம்புவதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். மூச்சுக்குத் திணறும் மனிதன் பொய்யைக் கோர்ப்பது கடினம் என்று ஒரு பக்கம் தோன்றியது. அவருக்குத் தம்பி மகன் ஒருவன் லண்டனில் இருப்பதும் நினைவுக்கு வந்தது.

"மெதுவா வாங்கோ" என்று சொல்லிவிட்டு, அவர் கேட்காமலேயே ஒரு புதிய வழக்கைத் தொடங்கினேன். வாதியின் பக்கம் முடிந்து பிரதிவாதியின் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையில் கோடு காலுக்குக் கீழே போய்விட்டது. யாரோ கைதட்டினார்கள். வசனம் பாதியில் நின்றதால் நான் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடி, அதைச் சொல்லி முடித்தேன்.