பச்சை அம்பு

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது என் அண்ணிக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், பதினொன்று நாற்பதுக்கு.

அண்ணி பாத்தாலஜி டாக்டர். மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டே கட்டியில் ஒரு துணுக்கை வெட்டி அனுப்புவார்கள். அதை உறையவைத்து, சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கட்டி சாதுவா கொலைகாரனா என்று உடனே சொல்ல வேண்டும். அன்றைய நோயாளி ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் பெண். கட்டி, பேச்சு உண்டாகும் இடத்தை ஒட்டி இருந்தது. சாது என்றால் அந்த ஓரத்தை விட்டுவிடலாம். கொலைகாரன் என்றால் பேச்சு போனாலும் முழுவதையும் வழித்தெடுக்க வேண்டும்.

செல்கள் கோரமாக வீங்கிக் கிடந்தன. இப்படி இருந்தும் சாதுவான கட்டி ஒன்று உண்டு. அதில் இளஞ்சிவப்பு மணிகள் தெரியும். அண்ணி சல்லடை போட்டுத் தேடினார். ஒன்றுகூட இல்லை. கொலைகாரன்தான்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்தார். சத்தமே இல்லை. நேரில் சொல்லலாம் என்று கதவை இழுத்தார். அசையவில்லை. தட்டினார், கத்தினார். வெளியே காலடிகள் கேட்டன. ஒருவரும் நிற்கவில்லை.

திரும்பி வந்து மறுபடி குனிந்தார். அது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப். எதிரே இருப்பவர் குமிழைத் திருப்பினால் உள்ளே ஒரு பச்சை அம்பு நகரும்.

அம்பு நகர்ந்தது…

எதிர் நாற்காலி காலி.

டிக்… டிக்… குமிழ் திரும்பும் சத்தம். அம்பு ஒரு மூலையில் நின்றது. அங்கே ஒரு இளஞ்சிவப்பு மணி.

பக்கத்தில் இன்னொன்று…

"யாரு?"

டிக்… அம்பு அந்த மணிகளையே சுற்றியது.

"சரி… கட்டி மோசமில்ல," என்றார் அண்ணி.

கதவு தானாகத் திறந்தது. போன் அடித்தது. சர்ஜன்.

"என்ன மேடம், சொல்லுங்க."

"சாதுதான் சார்."

கண்ணால் பார்த்ததைத்தானே சொல்ல முடியும்? ஓரத்தை விட்டுவிட்டுத் தைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அதே துணுக்கு ஒட்டிய கண்ணாடித் தகட்டை அண்ணி எடுத்துப் பார்த்தார். மணி ஒன்றுகூட இல்லை. ஓடிப்போய்ச் சர்ஜனிடம் தப்பை ஒப்புக்கொண்டார்.

மறுபடி மண்டையைத் திறந்தார்கள். விட்ட ஓரத்திலிருந்து வெட்டிய துணுக்கும் கொலைகாரனா என்று பார்க்க, இந்தமுறை வேறு டாக்டர் அந்த மைக்ராஸ்கோப் அறைக்குப் போனார். வெளியே வர வெகுநேரமானது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"அங்க ஒண்ணுமில்ல. விட்டுடலாம்."

"உங்களுக்கும் கதவு திறக்கலதானே?" என்றார் அண்ணி.

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். ஒருமுறை தப்பாகச் சொன்ன அண்ணியின் பேச்சை யார் கேட்பார்கள்? அந்த ஓரத்தை உள்ளேயே வைத்து, இரண்டாவது முறையும் தைத்தார்கள்.